கொற்கை முத்தும் ஈடிப்பஸின் விதியும்

பொருநைக் கரையில் வாழும் நமக்கு 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18 ஆகிய நாள்கள் எளிதில் மறக்கக்கூடியன அல்ல. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. தாமிரபரணி கரை புரண்டு திருவைகுண்டம், ஏரல் முதலிய ஊர்களுக்குள் புகுந்தது. வெள்ளம் வடிந்த பிறகு எவ்வீட்டுக்குச் சென்றாலும் ஒரே சொல்தான் காதில் விழுந்தது. சிலர் அதனைத் தலைவிதி என்றனர். சிலர் தலையெழுத்து என்றனர். நம்மவர் நஸீபு என்றும் களாகத்ர் என்றும் கூறினர்.

ஏரல் பக்கம் கடை வைத்திருந்த அன்பர் ஒருவர் தம் சரக்கு முழுவதையும் அந்த வெள்ளத்தில் இழந்தார். ஆறுதல் கூறச் சென்ற நான், “எல்லாம் கத்ர், பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு வந்தேன். சில மாதங்கள் கழிந்தபின் அவருடைய மகள் என்னைக் காண வந்தாள். சிறுவயதில் என்னிடம் ஓதியவள். பாளையங்கோட்டையில் கல்லூரியொன்றில் ஆங்கில இலக்கியம் பயில்பவள்.

“ஹஜ்ரத், படிப்பை நிறுத்திவிடச் சொல்கிறார்கள் வாப்பா. எல்லாம் கத்ர் என்று ஹஜ்ரத்தே சொல்லிவிட்டார்கள், இனி எதற்கு முட்டிமோத வேண்டும் என்கிறார்கள்” என்றாள். சற்று நேரம் கழித்து மற்றொன்றும் கேட்டாள்: “எங்கள் பாடத்தில் ஈடிப்பஸ் என்ற கிரேக்க நாடகம் இருக்கிறது. விதியிலிருந்து தப்ப ஓடியவன் ஓடிய வழியிலேயே விதியிடம் போய்ச் சேருகிறான். நம்முடைய கத்ரும் அதுதானா?”

ஆறுதலாக நான் சொன்ன ஒரு சொல், ஒரு தந்தையின் கையில் தீர்ப்பாக மாறிவிட்டதை அன்று உணர்ந்தேன். அவளுக்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை. பின்னர் நூல்களைப் புரட்டித் தேடிய விடையே இக்கட்டுரை.

பங்கு என்னும் சொல்

கிரேக்கர் விதியை மொய்ரா என்றனர். அச்சொல்லின் முதற்பொருள் பங்கு என்பதாகும். அரபு மொழியிலுள்ள நஸீபு என்பதற்கும் பங்கு என்பதே பொருள்; கிஸ்மத் என்று மக்கள் வழங்கும் சொல்லும் பங்கிடுதல் என்னும் வேரிலிருந்து பிறந்தது. தமிழிலோ ஊழைக் குறிக்கும் பழஞ்சொற்களுள் பால் என்பதும் ஒன்று; அதற்கும் பகுதி என்பது பொருள். ஆண்பால், பெண்பால் என்று இலக்கணத்தில் வழங்கும் அதே பால்தான் இது. தமக்குக் கிடைத்த வாழ்வை எவரோ பகுத்துக் கொடுத்த பங்கு என்று மூன்று மொழியினரும் தனித்தனியே எண்ணியிருக்கின்றனர்.

பகுப்பவர் யார் என்னும் வினாவில்தான் அவர்கள் பிரிகின்றனர். ஹீசியட் என்னும் பழம்புலவர் மொய்ராக்கள் மூவர் என்பார். கிளோதோ என்பவள் வாழ்வின் நூலை நூற்கிறாள், லாக்கெசிஸ் அதனை அளக்கிறாள், அத்ரோப்போஸ் அறுக்கிறாள். மூன்றாமவள் பெயருக்குத் திருப்ப முடியாதவள் என்பது பொருள். இவர்களை வேண்டி நூலை ஒரு முழம் நீட்டிக்கொள்ள இயலாது.

தேவர்களின் தலைவனாகிய சியூஸின் நிலையும் இதுவே. ஹோமரின் இலியத்தில் அவனுடைய மகன் சர்ப்பெடான் போர்க்களத்தில் சாகவேண்டிய வேளை வருகிறது. மகனைக் காப்பாற்றிவிடலாமா என்று சியூஸ் தயங்குகிறான். பங்கு முடிந்துவிட்ட மனிதனை மீட்பது முறையன்று என்று ஹீரா தடுக்கிறாள். சியூஸ் இணங்கி, குருதித் துளிகளை மழையாகப் பெய்து வருந்துகிறானேயன்றி மகனை மீட்கவில்லை. அதே காவியத்தில் அக்கிலீஸும் ஹெக்டரும் பொருதும்போது சியூஸ் பொன் தராசை எடுத்து இருவர் சாவையும் நிறுக்கிறான். ஹெக்டரின் தட்டு தாழ்கிறது. தராசு அவன் கையில் இருப்பினும் எடை அவன் இட்டதன்று.

இந்த எண்ணத்தின் உச்சியில் நிற்பது, கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரத்து சோபக்ளீஸ் இயற்றிய ஈடிப்பஸ் நாடகம். தீப்ஸ் நகரத்து அரசன் லாயஸுக்கு, உன் மகனால் சாவாய் என்று குறிமொழி கிடைக்கிறது. பிறந்த குழந்தையைக் காட்டில் எறிந்துவிடச் சொல்கிறான். இரக்கம் கொண்ட இடையன் குழந்தையை மற்றோர் இடையனிடம் கொடுக்க, அது கொரிந்து நகரத்து அரசனிடம் மகனாக வளர்கிறது. தந்தையைக் கொல்வாய், தாயை மணப்பாய் என்ற குறிமொழியை டெல்ஃபியில் கேட்ட ஈடிப்பஸ், வளர்த்தவர்களையே பெற்றவர்கள் என்று எண்ணிக் கொரிந்தை விட்டு ஓடுகிறான். வழியில் மூன்று பாதைகள் கூடுமிடத்தில் ஒரு முதியவருடன் சச்சரவு மூண்டு அவரைக் கொல்கிறான், அவரே லாயஸ். பின்னர் தீப்ஸை ஒரு கொடிய விலங்கிடமிருந்து காத்து, கைம்பெண்ணாயிருந்த அரசியை மணக்கிறான். அவளே அவனைப் பெற்றவள்.

நாடகம் இவற்றையெல்லாம் நிகழ்ச்சிகளாகக் காட்டுவதில்லை. ஊரில் கொள்ளைநோய் பரவி மக்கள் மடியும் வேளையில் அது தொடங்குகிறது. முன்னை அரசனைக் கொன்றவன் இன்னும் ஊரில் இருப்பதே நோய்க்குக் காரணம் என்று அறிந்ததும், அவனைக் கண்டுபிடித்தே தீருவேன் என்று ஈடிப்பஸ் சூளுரைக்கிறான். ஒவ்வொரு சாட்சியாக அழைத்து வினவுகிறான். வேண்டாம், நிறுத்திவிடுங்கள் என்று அரசி கெஞ்சியும் நிறுத்தவில்லை. இறுதியில் தேடியவனே தேடப்பட்டவன் என்பது வெளியாகிறது. அரசி உயிர் நீக்க, அவன் தன் கண்களைத் தானே குத்திக்கொள்கிறான்.

விதி அவனை வீழ்த்தியது என்று படிப்போர் அனைவரும் கூறுவர். ஆயினும் அவன் உயர்வு வேறிடத்தில் இருக்கிறது. தனக்கே கேடாக முடியும் என்று ஐயம் எழுந்த பின்னும் ஆராய்வதை அவன் விடவில்லை. ஊரின் நோய் தீர்ந்தாக வேண்டும் என்பதே அவனுக்கு முதன்மையாக இருந்தது.

ஆராயாத அரசன்

இனி நம் பொருநைக்குத் திரும்புவோம். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடல் வழிநூல், குமரிக்கு அப்பால் கொல்கி என்னும் துறையில் முத்துக்குளிப்பு நடைபெறுவதைக் குறிக்கிறது. தாமிரபரணியின் முகத்துவாரத்தில் அன்று இருந்த நம் கொற்கையே அது. முத்துக்குளித்தோர் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்றும் அந்நூல் கூறுகிறது. அரச குலத்தார் அணிந்த முத்துக்காகக் கடலுக்குள் இறங்கியோர், அரச நீதியால் குற்றவாளி எனப்பட்டோர். இக்குறிப்பை உள்ளத்தில் கொண்டு சிலப்பதிகாரத்தைத் திறந்தால் அக்காப்பியம் புதிய ஒளியில் தோன்றும்.

முன்வினை உருக்கொண்டு வந்து பயனை ஊட்டியே தீரும் என்பது, இளங்கோவடிகள் தம் நூலுக்கு வகுத்துக்கொண்ட மூன்று உண்மைகளுள் ஒன்று. கோவலன் கொலையுண்டதற்கு அவன் முற்பிறப்பின் வினையே காரணம் என்று மதுரையின் காவல்தெய்வம் கண்ணகிக்கு உரைக்கிறது. முற்பிறப்பில் அவன் பரதன் என்னும் பெயருடன் வாழ்ந்து, சங்கமன் என்ற வணிகனைப் பகைநாட்டு ஒற்றன் எனப் பொய்யாகக் காட்டிக்கொடுத்தான். அந்த வணிகன் கொல்லப்பட்டான். மறுபிறப்பு நம் கொள்கையன்று. ஆயினும் கிரேக்கர் விதிக்கும் சிலம்பின் ஊழுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நாம் காணவேண்டும். ஈடிப்பஸ் பிறக்குமுன்பே அவன் விதி கூறப்பட்டுவிட்டது. அவன் எதுவும் செய்திருக்கவில்லை. சிலம்பின் ஊழோ செயலின் விளைவு. பொய்க்குற்றம் சாட்டியவன் பொய்க்குற்றத்தாலேயே மடிகிறான்.

அந்த ஊழ் எந்த வாயில் வழியாக நுழைந்தது என்பதை இளங்கோ மறைக்கவில்லை. ஊடல் கொண்டு அகன்ற அரசியைத் தணிவிக்கப் பாண்டியன் விரைந்து செல்கிறான். இடைவழியில் பொற்கொல்லன் வந்து, அரசியின் சிலம்பைத் திருடியவன் அகப்பட்டான் என்கிறான். சிலம்பு அவன் கையிலிருந்தால் அவனைக் கொன்று அதனைக் கொண்டு வருக என்று காவலர்க்கு ஆணையிட்டுவிட்டு அரசன் நடக்கிறான். வினை முதிர்ந்து பயன் தரும் காலம் வந்தமையால் அரசன் ஆராயாதவன் ஆனான் என்று இளங்கோ குறிக்கிறார். வினையும் ஆராயாமையும் ஒரே தொடரில் அருகருகே நிற்கின்றன. கண்ணகி அரசவைக்கு வந்ததும் அவனை ஆராயாத மன்னன் என்றே விளிக்கிறாள். ஊழ் என்னும் சொல்லை முன்னிறுத்தி அவள் அவனை விட்டுவிடவில்லை.

அரசியின் சிலம்பினுள் இருப்பது முத்து என்கிறான் அரசன். தன் சிலம்பினுள் இருப்பது மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. பாண்டியரின் முத்துத்துறை கொற்கையே. சிலம்பை உடைத்ததும் மாணிக்கம் தெறிக்கிறது. அவ்வளவே விசாரணை, அதற்குச் சில நொடிகளே ஆயின. அச்சில நொடிகளை முன்னாளே செலவிட்டிருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும், மதுரை எரிந்திராது. பாண்டியன் விதியின் பின்னே ஒளிந்துகொள்ளவில்லை என்பதையும் நாம் போற்றவேண்டும். தானே கள்வன் என்று தன்மேல் தீர்ப்பளித்து, அரியணையிலேயே உயிர்விட்டான்.

ஆக, கடைசிவரை ஆராய்ந்து அழிந்தவன் ஈடிப்பஸ். ஒருகணம் ஆராயாமல் அழிந்தவன் பாண்டியன். விதியின் பெருங்காவியங்கள் என்று நாம் எண்ணும் இவ்விரண்டும், நடுவில் வைத்திருப்பது ஆராய்ச்சி என்னும் மனிதக் கடமையையே.

இக்கதைக்குக் கொற்கையில் ஒரு முடிவும் உண்டு. பாண்டிநாட்டில் மழை பொய்த்து வறுமையும் நோயும் பரவின. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், பத்தினியின் சினம் தணியும் பொருட்டு ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. ஒருவன் செய்த குற்றத்துக்கு ஆயிரம் பேர். தீப்ஸின் கொள்ளைநோய் ஒரு குற்றவாளியைத் தேடவைத்தது. பாண்டிநாட்டுப் பஞ்சமோ குற்றமற்றவர்களைக் கொல்லவைத்தது. முதலில் ஆராயாமல் ஒருவனைக் கொன்ற அரசு, பின்னரும் ஆராயாமல் ஆயிரவரைக் கொன்றது. அந்த ஆயிரவரின் மனைவியரும் இதனைத் தலைவிதி என்றுதானே அழுதிருப்பர்!

அரபுக்கு வராத நாடகம்

கிரேக்க அறிவு அரபு மொழியில் புகுந்த வரலாற்றை நம் ஆலிம்கள் அறிவர். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவர்தம் மாணவரும் கலீனஸின் மருத்துவ நூல்களைப் பெயர்த்தனர். அரிஸ்டாட்டிலின் நூல்களும் அவர்கள் வழியே அரபை அடைந்தன. ஆனால் சோபக்ளீஸின் நாடகங்களை அக்காலத்தார் அரபில் பெயர்க்கவில்லை. அரிஸ்டாட்டிலின் கவிதையியல் மட்டும், கி.பி. 940இல் மறைந்த மத்தா இப்னு யூனுஸால் சுரியானி மொழி வழியே அரபுக்கு வந்தது. அதற்கு உரை கண்ட பேரறிஞர் இப்னு ருஷ்து (1126–1198), மேடையில் நடிக்கப்படும் அவலநாடகத்தைக் கண்டறியாதவர். எனவே அதனைப் புகழ்ப்பாட்டு என்றும், நகைநாடகத்தை வசைப்பாட்டு என்றும் பொருள் கொண்டார்.

குருட்டு விதி என்னும் எண்ணம் அரபியருக்குப் புதியதன்று. இஸ்லாத்திற்கு முந்திய கவிஞர்கள் தஹ்ர் என்னும் காலத்தையே அனைத்தையும் அழிப்பதாகப் பழித்தனர். கவிஞர் ஸுஹைர் மரணத்தை, இருளில் கண் தெரியாது மிதித்துச் செல்லும் ஒட்டகத்திற்கு ஒப்பிட்டார். இந்தக் குருட்டுத்தன்மையையே இஸ்லாம் மறுத்தது. கத்ர் என்பதற்கு அளவு என்பது பொருள். அளப்பவன் அறிந்தவன்; நீதியாளன்; அடியான் கையேந்தினால் கேட்பவன். சியூஸ் தலைவணங்கிய மொய்ராவிடம் துஆச் செய்ய இடமில்லை. கத்ரை நம்புபவனுக்கோ துஆவே வணக்கத்தின் உயிர்நாடி.

அவலநாடகம் அரபுக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. சுலைமான் அல்புஸ்தானி இலியத்தை 1904இல் அரபுச் செய்யுளாக வெளியிட்டார். எகிப்தின் தவ்ஃபீக் அல்ஹகீம் 1949இல் ஈடிப்பஸ் கதையை அரபு நாடகமாக எழுதினார். அதில் ஈடிப்பஸ் கொன்ற கொடிய விலங்கு ஒரு சாதாரணச் சிங்கம்; அதைப் பூதமாக்கி ஊரை நம்பவைத்தவர் குறிகூறும் டைரீசியஸ். விதி என்று மக்கள் நடுங்கிய ஒன்றில் மனிதச் சூழ்ச்சி கலந்திருப்பதை அல்ஹகீம் காட்டினார். விதி என்று ஒருவர் கூறும்போது, அதில் இறைவன் அளந்தது எது, மனிதர் செய்தது எது என்று கேட்கும் உரிமை கேட்பவருக்கு உண்டு.

இரண்டு சரிவுகள்

இதற்கு நம்மிடையே நாடகத்தினும் தெளிவான வரலாறு இருக்கிறது. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிச் சென்றபோது, ஸர்கு என்னுமிடத்தில் அங்கே கொள்ளைநோய் பரவிய செய்தியை அறிந்தார்கள். அம்வாஸ் கொள்ளைநோய் என்று வரலாறு குறிக்கும் அது கி.பி. 638, 639 ஆண்டுகளை ஒட்டி நிகழ்ந்தது. உமர் (ரலி) அவர்கள் உடனே ஒரு முடிவுக்கு வரவில்லை. முதலில் முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள். பின் அன்ஸார்களைக் கேட்டார்கள். இரு சாராரிடையேயும் கருத்து வேறுபட்டது. பின்னர்க் குறைஷியரில் முதியோரைக் கேட்டார்கள். அவர்கள் ஒருமுகமாகத் திரும்பிவிடச் சொன்னார்கள். திரும்புவதென முடிவு செய்தார்கள்.

அப்போது படைத்தலைவர் அபூ உபைதா (ரலி) அவர்கள், இறைவன் விதித்ததிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று வினவினார்கள். ஆம், இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்பது உமர் (ரலி) அவர்களின் விடையின் கருத்து. தொடர்ந்து ஓர் உவமையும் கூறினார்கள். ஒட்டகங்களுடன் ஒரு பள்ளத்தாக்கில் இறங்குகிறீர். ஒரு சரிவு பசுமையானது, மற்றது வறண்டது. பசுமையில் மேய்த்தாலும் இறைவிதிப்படியே மேய்க்கிறீர்; வறட்சியில் மேய்த்தாலும் அவ்வாறே. பின்னர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, நோய் பரவிய ஊருக்குள் செல்லாதீர், அங்கிருப்போர் வெளியேறாதீர் என்னும் நபிமொழியை அறிவிக்க, உமர் (ரலி) இறைவனைப் புகழ்ந்து திரும்பினார்கள்.

அபூ உபைதா (ரலி) அவர்கள் தம் மக்களுடன் தங்கி, அந்நோயிலேயே இறையடி சேர்ந்தார்கள். திரும்பியவரையும் தங்கியவரையும் நாம் ஒருசேரப் போற்றுகிறோம். இருவரும் கத்ரை நம்பியவர்களே. பிற்காலத்தில் மனிதனுக்குச் செயலே இல்லை என்ற ஜபரிய்யாக்களும், அனைத்தும் மனிதன் செயலே என்ற கதரிய்யாக்களும் தோன்றியபோது, ஹிஜ்ரி 324இல் மறைந்த இமாம் அபுல் ஹஸன் அல்அஷ்அரீ (ரஹ்) அவர்கள் நடுவழி நின்றார்கள். செயலைப் படைப்பவன் இறைவன், அதனை ஈட்டிக்கொள்பவன் மனிதன் என்று கஸ்பு என்னும் கொள்கையை விளக்கினார்கள். ஈட்டியவனே அதற்கு விடை சொல்லவேண்டியவன்.

புணையும் அணையும்

கணியன் பூங்குன்றனார் மனித வாழ்வை, பெருக்கெடுத்த ஆற்றின் போக்கில் மிதந்து செல்லும் தெப்பத்திற்கு ஒப்பிட்டார். ஆகவே பெரியோரைக் கண்டு வியக்கவும் வேண்டா, சிறியோரை இகழவும் வேண்டா என்பது அவர் கண்ட முடிவு. கைகட்டிக் கிடக்கலாம் என்பதன்று. திருவள்ளுவரும் 38ஆம் அதிகாரத்தில் ஊழின் வலிமையை ஓங்கி உரைத்தார். 62ஆம் அதிகாரத்தில் சோர்வின்றி முயல்வோர் அந்த ஊழையும் புறங்காண்பர் என்றார். முன்னது துன்பம் நேர்ந்தபின் மனம் உடையாதிருக்க. பின்னது நேருமுன் கை ஓயாதிருக்க.

இதனை நம் ஆறே நமக்குக் கற்பிக்கிறது. மலையில் எவ்வளவு மழை பெய்யும் என்பது நம் கையில் இல்லை. ஆயினும் நம் முன்னோர் தாமிரபரணியின் குறுக்கே ஒன்றன்பின் ஒன்றாக அணைகளைக் கட்டினர். மொத்தம் எட்டு அணைக்கட்டுகள். கடைசியான திருவைகுண்டம் அணை 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்தது. ஏனைய ஏழும் அதற்கு முந்தியவை. அவை ஆற்றை நிறுத்துவதில்லை. கால்களில் திருப்பி வயலுக்கு அனுப்புகின்றன. ஆற்று மண்டி படிந்து கொற்கையை விட்டுக் கடல் விலகிற்று. கரையிலிருந்தோர் கடலைத் தொடர்ந்து சென்று காயலில் துறை கண்டனர். கடல் விலகியதும் கத்ர். காயலில் கப்பல் வந்து நின்றதும் கத்ர்.

2023 வெள்ளத்தையும் இவ்வாறே நோக்கவேண்டும். மழையின் அளவு இறைவனுடையது. அதற்குப் பொறுமை காட்டுவோம். குளங்கள் தூர் வாரப்பட்டனவா, வடிகால்கள் அடைபடாமல் இருந்தனவா, எச்சரிக்கை உரிய நேரத்தில் எட்டியதா என்பவை நாம் ஆராய்ந்து கேட்கவேண்டிய கேள்விகள். அக்கேள்விகளைக் கத்ர் என்று மூடுவது ஈமான் ஆகாது. பாண்டியன் செய்த பிழையையே நாமும் செய்வதாகும்.

இவ்வளவும் தெளிந்தபின் அந்த அன்பரின் வீட்டுக்கு மீண்டும் சென்றேன். “முன்பு நான் சொன்னது பாதிச் சொல். மீதியைச் சொல்ல வந்தேன்” என்றேன். ஸர்கின் வரலாற்றைக் கூறினேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “அப்படியானால் பிள்ளை படிப்பதும் கத்ருதான் என்கிறீர்கள்” என்றார். ஆம் என்றேன். கட்டணத்துக்கு என்ன வழி என்று ஜமாஅத்தில் விசாரிப்போம், உதவித்தொகை உண்டா என்று கல்லூரியில் விசாரிப்போம் என்றேன். இந்த ஆண்டு முடியும்வரை போகட்டும் என்று அவர் இசைந்தார்.

விடைபெறும்போது அம்மாணாக்கி தன் பாடநூலை என்னிடம் கொடுத்து, ஓரத்தில் தான் எழுதி வைத்திருந்த கேள்வியைக் காட்டினாள். அதன் கீழே விடையை எழுதித் தரும்படி கேட்டாள். ஈடிப்பஸ் தப்ப முடியாதவன், ஆயினும் ஆராய்ந்தவன். நமக்கு எழுதப்பட்டது நமக்குக் காட்டப்படவில்லை, ஆகவே நாமும் ஆராயவேண்டியவர்கள் என்று எழுதிக் கொடுத்தேன்.